உருக்குமுன் உற்றுப் பாருங்கள்!

தாம்பரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது.

தங்கம் விற்கிற விலையில் எல்லா நகையையும் புதிதாக வாங்க முடியுமா? பாட்டியின் பழைய பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு காசுமாலை.

"இந்தக் காலத்துப் பெண் இதைப் போட்டுக்கொள்வாளா? பத்தரிடம் கொடுத்து உருக்கிப் புது நகையாகச் செய்துவிடலாம்" என்கிறார் அப்பா.

"என் மாமியார் எனக்குப் போட்டது. பேத்திக்குத்தானே போகிறது, எடுத்துக்கொள்" என்கிறார் பாட்டி. சொல்லும்போதே அவர் குரல் கம்முகிறது.

மறுநாள் அந்த மாலை பத்தர் கடைக்குப் போகிறது. சிறிது நேரத்தில் எல்லாக் காசும் உருகி ஒரே குழம்பாகி விடுகின்றன.

இப்படி நடப்பது ஒரு வீட்டில் மட்டும் அல்ல. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், வண்டலூர் என்று எந்த ஊரிலும் நடக்கக் கூடியதுதான்.

நகையை உருக்குவது தவறா? தவறு இல்லை. கல்யாணம், படிப்பு, வைத்தியம் என்று தேவை வரும்போது உதவத்தானே நம் முன்னோர் தங்கத்தைச் சேர்த்து வைத்தார்கள்?

ஆனால், உருக்குவதற்கு முன்னால் அந்தக் காசுகளை யாராவது ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களா? அதுதான் நம் கேள்வி.

17,796 காசுகள் எங்கே?

அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள்.

1822-ம் ஆண்டில் அந்த நாட்டு நாணயசாலையில் அடித்த ஐந்து டாலர் தங்கக் காசுகள் 17,796 என்று கணக்கு ஏடு சொல்லுகிறது. அந்த ஆண்டு பொறித்த காசு இன்று எத்தனை இருக்கிறது தெரியுமா? மூன்றே மூன்று!

அவற்றில் இரண்டு, ஸ்மித்சோனியன் என்ற பெரிய பொருட்காட்சி நிலையத்தில் இருக்கின்றன. மூன்றாவது காசு 2021-ம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தது. 84 லட்சம் டாலருக்குப் போயிற்று. நம் பணத்தில் 60 கோடி ரூபாய்க்கு மேல்!

மற்றவை எங்கே போயின? திருடன் கொண்டுபோகவில்லை. வெள்ளம் அடித்துப் போகவில்லை. உருக்கிவிட்டார்கள்!

அப்போது அந்தக் காசில் இருந்த தங்கத்துக்கு, ஐந்து டாலரைவிட அதிக விலை கிடைத்தது. ஆகவே வியாபாரிகள் காசைக் கப்பல் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பி, உருக்கி லாபம் பார்த்தார்கள். 1834-ல் அமெரிக்க சர்க்கார் சட்டம் செய்து, புதுக் காசில் தங்கத்தைக் குறைத்தது. அதன் பிறகு பழைய காசுகள் இன்னும் வேகமாக உருக்கும் உலைக்குப் போயின.

அன்று உருக்கியவர்களும் நம்மைப் போன்றவர்களே. "பழைய காசுதானே!" என்று நினைத்தார்கள்.

முறுக்கு அச்சும் காசு அச்சும்

அந்த நாட்டுப் பழைய தங்கக் காசுகளைச் சேர்ப்பவர்கள், ஆண்டுக்கு ஒரு காசு என்று சேர்ப்பதோடு நிற்பதில்லை. ஒரே ஆண்டில் வந்த காசுகளிலேயே, எந்த அச்சில் அடித்தது, எந்த ஜோடி அச்சில் அடித்தது என்று பிரித்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள்.

அது என்ன அச்சு?

வீட்டில் முறுக்குப் பிழியும் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. முறுக்கு அச்சின் வில்லையில் ஒரு பல் உடைந்துவிட்டால் என்ன ஆகும்? அன்று பிழிகிற முறுக்கு எல்லாவற்றிலும் அந்தப் பல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். முறுக்கைப் பார்த்தே, "இது எங்கள் வீட்டு அச்சு" என்று சொல்லிவிடலாம்.

காசும் அப்படித்தான். ஓர் எஃகுக் கட்டையில் தலைப் பக்கத்துச் சித்திரத்தை வெட்டுவார்கள். இன்னொரு கட்டையில் பூப் பக்கத்தை வெட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே தங்க வில்லையை வைத்து ஓங்கி அழுத்தினால் காசு பிறக்கும்.

இந்தக் காலத்தில் எந்திரம் ஒரே மாதிரி ஆயிரம் அச்சு செய்துவிடும். அந்தக் காலத்தில் கைவேலை. நட்சத்திரம், எழுத்து, எண் ஒவ்வொன்றையும் தனித் தனி உளியால் அச்சில் அடித்துப் பதிப்பார்கள். ஒரு நட்சத்திரம் கொஞ்சம் சாயும். ஓர் எழுத்து மேலே ஏறும். அடிக்க அடிக்க அச்சில் விரிசல் விழும். அந்த விரிசல் காசில் மெல்லிய மேடாகத் தெரியும். ஓர் அச்சு உடைந்தால் அதை மட்டும் மாற்றுவார்கள். மற்றது பழையதாகவே இருக்கும். இப்படிப் புதுப் புது ஜோடிகள் சேரும்.

வேடிக்கை ஒன்றைக் கேளுங்கள். 1801 என்று ஆண்டு போட்ட ஓர் ஐந்து டாலர் காசு அச்சு, பயன்படாமல் இருந்தது. எஃகு அன்று எளிதில் கிடைக்காத பொருள். வீணாக்குவார்களா? கடைசி 1-ன் மேலேயே 2-ஐ அடித்து, 1802 ஆக்கிவிட்டார்கள். இன்றும் அந்தக் காசில் 2-க்கு அடியில் பழைய 1 எட்டிப் பார்க்கிறது!

நட்சத்திரக் கணக்கும் உண்டு. 1795-ல் முதலில் வந்த ஐந்து டாலர் காசில் 15 நட்சத்திரங்கள். மாநிலத்துக்கு ஒன்று. 1796-ல் டென்னசி என்ற மாநிலம் சேர்ந்த பிறகு 16 நட்சத்திரக் காசும் வந்தது. மாநிலம் சேரச் சேர நட்சத்திரம் சேர்த்தால் காசில் இடம் ஏது? ஆகவே, நாட்டைத் தொடங்கிய 13 மாநிலங்களுக்கு மட்டும் 13 நட்சத்திரம் போதும் என்று நிறுத்தினார்கள். ஒரு நாடு வளர்ந்த கதையைக் காசில் எண்ணிப் பார்க்கலாம்.

டல்லாஸ் நகரத்து ஹாரி பாஸ் என்ற செல்வர், இந்த அச்சு வேறுபாடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1998-ல் காலமானார். அவர் எழுதி வைத்த குறிப்புகளின் துணையோடு ஜான் டான்ரூதர் என்ற நிபுணர் 2006-ல் ஒரு நூல் வெளியிட்டார். காசு சேர்த்தது பெரிதல்ல; பார்த்ததை எழுதி வைத்தாரே, அது பெரிது.

நம் ஊர் நட்சத்திரம்

"அமெரிக்காக் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நம் ஊர்க் காசிலும் நட்சத்திரம் உண்டு, ஐயா!

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால், கடைசி நிலையம் சென்னைக் கடற்கரை. அங்கிருந்து மேற்கே போனால் தங்கசாலைத் தெரு. தங்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். தெருவின் பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கிடைத்தபோதே, நாணயம் அடிக்கும் உரிமையும் கிடைத்தது. கம்பெனி அடித்த தங்கக் காசுக்கு வராகன் என்று பெயர். ஒரு காலத்தில் காசுகளில் இருந்த வராக உருவத்தால் வந்த பெயர் அது.

18-ம் நூற்றாண்டில் சென்னையில் புழங்கிய வராகனில், ஒரு பக்கம் சுவாமி உருவம். மறு பக்கம் நட்சத்திரம். அதனால் நட்சத்திர வராகன் என்றார்கள். எடை சுமார் 3.4 கிராம்தான். ஆனால் மதிப்பு? 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அதாவது, 3,360 செப்புக் காசுக்குச் சமம் ஒரு வராகன்!

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்திர அச்சு வந்தது. அப்போது இரண்டு வராகன் மதிப்புள்ள அழகிய தங்கக் காசு வெளிவந்தது. ஒரு பக்கம் கோயில் கோபுரம். அதன் இரு புறமும் நட்சத்திரங்கள். மறு பக்கம் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு. ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்று நான்கு மொழிகள். தமிழில் "இரண்டு பூவராகன்" என்று எழுதியிருக்கும்.

அந்தக் கோபுரத்தின் பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களின் எண்ணிக்கை எல்லாக் காசிலும் ஒன்றாக இருப்பதில்லை. அச்சுக்கு அச்சு மாறுகிறது. டாலர் காசில் நட்சத்திரம் எண்ணுகிறவர்களைப் போல, பூவராகனில் நட்சத்திரம் எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

1818-ல் சென்னை ராஜதானியில் வெள்ளி ரூபாயே முக்கிய நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். வராகனின் காலம் முடிந்தது. 1869-ல் சென்னை நாணயசாலையும் மூடப்பட்டது.

தாம்பரத்துக்குத் தெற்கேயும் ஒரு நாணயசாலை இருந்தது. மாமல்லபுரத்தைத் தாண்டிப் புதுச்சேரி போகும் கடற்கரைச் சாலையில், கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. நவாபுகள் காலத்தில் அங்கேயும் காசு அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணம் போகிறவர்கள், அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பவுனில் ஒரு சிறு எழுத்து

வராகன் எல்லார் வீட்டிலும் இராது. ஆனால் பவுன்?

"இன்று பவுன் என்ன விலை?" என்று தினமும் கேட்கிறோம். பவுன் என்பது முதலில் எடை அல்ல. அது ஒரு காசு. இங்கிலாந்து நாட்டுச் சவரன். எடை 7.988 கிராம். 22 காரட். அதனால்தான் நம் ஊரில் 8 கிராமுக்குப் பவுன், சவரன் என்று பெயர் நிலைத்தது.

பழைய காசுமாலைகள் சிலவற்றில் இந்தச் சவரன்களே கோத்திருக்கும். ஒரு பக்கம் ராஜா அல்லது ராணியின் தலை. பல சவரன்களில் மறு பக்கம், குதிரை வீரன் ஒருவன் பறவை நாகத்தைக் கொல்லும் காட்சி.

அந்தக் குதிரையின் காலுக்குக் கீழே, தரையைக் காட்டும் கோட்டில், ஆண்டு எண்ணுக்கு மேலே உற்றுப் பாருங்கள். சில காசுகளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எஸ் என்றால் சிட்னி. எம் என்றால் மெல்போர்ன். பி என்றால் பெர்த். சி என்றால் கனடா. எஸ்.ஏ. என்றால் தென் ஆப்பிரிக்கா. எழுத்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் லண்டன்.

ஒற்றைக் கோடுபோல் ஐ என்ற எழுத்து இருந்தால்? அது இந்தியா! நம் பம்பாயில் அடித்த சவரன்.

முதல் உலகப் போரின்போது கடலில் கப்பலுக்கு ஆபத்து. தங்கத்தை லண்டனுக்கு அனுப்பிக் காசாக்கித் திரும்பக் கொண்டுவருவது எப்படி? ஆகவே 1918-ல் பம்பாயிலேயே சவரன் அடித்தார்கள். மொத்தம் சுமார் 13 லட்சம். எல்லாவற்றிலும் 1918 என்ற ஆண்டுதான். சிறிது காலத்தில் வேலை நின்றுவிட்டது. அதே 1918-ல், அதே எடையில், 15 ரூபாய் என்று பொறித்த தங்கக் காசும் பம்பாயில் வெளிவந்தது.

பாட்டி கழுத்தில் போட்டிருந்த காசில் உலகப் போரின் சுவடு இருக்கிறது. எத்தனை வீடுகளில் இதைப் பார்த்திருப்பார்கள்?

சிறு காசு, பெரிய செய்தி

காசு, சரித்திரத்தையே திருத்தி எழுதும்.

சங்க காலத்துப் பாண்டியர் சொந்தக் காசு வெளியிட்டார்களா என்று அறிஞர்கள் வெகு காலம் ஐயப்பட்டார்கள். 1980-களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு சிறு செப்புக் காசில் பழந்தமிழ் எழுத்துகளைப் படித்தார். "பெருவழுதி" என்று இருந்தது. பாண்டிய மன்னன் பெயர்! வெறும் செம்பு என்று எண்ணி யாராவது அதை உருக்கியிருந்தால், அந்தச் சான்றும் போயிருக்கும்.

1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் ரோமாபுரி அரசன் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு! ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ஆராய்வதற்குக் காசு இருந்ததே, அதுதான் நம் பாக்கியம்.

சந்தையில் ஏமாற வேண்டாம்

இதைப் படித்ததும், "நம் வீட்டுக் காசுக்குக் கோடி ரூபாய் கிடைக்குமோ?" என்று ஆசை எழலாம். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பழைய காசு எல்லாம் அரிய காசு அல்ல. பெரும்பாலான சவரன்களுக்குத் தங்கத்தின் விலைக்குச் சற்று மேலேதான் கிடைக்கும். மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்புக் குறைவு. பம்பாய்ச் சவரனும் கிடைக்காத பொருள் அல்ல.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. பழைய சாமான்களுக்குப் பெயர்போன சந்தை. பழங்காசுகளும் அங்கே விலைக்கு வரும். போய்ப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. ஆனால், "ஐயா, கம்பெனி காலத்துத் தங்கக் காசு, உங்களுக்காக மலிவாகத் தருகிறேன்" என்று யாராவது காதோடு சொன்னால், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். உண்மையான தங்கக் காசை யாரும் மலிவாகத் தரமாட்டார்கள்.

செல்போனிலும் மோசடி நடக்கிறது. "உங்களிடம் உள்ள பழைய ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம்" என்பார்கள். பிறகு வரி கட்டு, கமிஷன் கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்வார்கள். தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. முன்பணம் கேட்டால் மோசடி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மண்ணில் கிடைத்தால்?

தாம்பரத்தைச் சுற்றிப் புது வீடுகள் பெருகி வருகின்றன. அஸ்திவாரம் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ ஒரு கலயம் நிறையக் காசு கிடைத்தால் என்ன செய்வது?

ஓடி ஒளிக்காதீர்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்புப் பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். கண்டெடுத்தவருக்கு உரியதைக் கொடுப்பதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு, 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

நான்கு காரியங்கள்

உருக்கவோ விற்கவோ முடிவு செய்துவிட்டீர்களா? நல்லது. அதற்கு முன் நான்கு காரியங்கள் செய்யுங்கள்.

ஒன்று: காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பலும் வேண்டாம். தேய்த்தால் மினுக்கு வரும்; எழுத்துப் போய்விடும்.

இரண்டு: பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். இன்று செல்போன் இல்லாத வீடு ஏது? எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று: அது யார் யாருக்குப் போட்டது, எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று பாட்டியைக் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேளுங்கள்.

நான்கு: விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எழும்பூர்ப் பொருட்காட்சி சாலை 1851-ல் தொடங்கியது. அங்கே பழங்காசுகளின் பெரிய சேகரிப்பு இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ரெயிலில் போய் எழும்பூரில் இறங்கினால் வெகு தூரம் இல்லை. நம் காசை அங்கே உள்ள காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, தேவை இருந்தால் உருக்குங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள். பத்தர், காசைத் தங்கமாகத்தான் நிறுப்பார். அது அவர் தொழில். காசைக் காசாகப் பார்க்க வேண்டியவர்கள் வீட்டுக்காரர்களாகிய நாம்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

தங்கம் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். இந்த வித்தையைப் பழகச் சில்லறையே போதும்.

இன்று மாலை, மளிகைக் கடையில் வாங்கிய சில்லறையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வைரம்போல் நாற்கோணக் குறி இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. குறி ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. நம் நாட்டில் காசு அடிக்கும் நாலு இடங்களும் உங்கள் வீட்டு மேஜைமேல் வந்துவிடும்!

இப்படிப் பார்க்கப் பழகிய பிள்ளை, நாளைக்குக் காசுமாலையை யாராவது உருக்க எடுத்துப் போனால் சும்மா இருக்குமா? "அப்பா, கொஞ்சம் பொறுங்கள். குதிரைக் காலுக்குக் கீழே எழுத்து இருக்கிறதா பார்க்கிறேன்" என்று சொல்லும்.

அமெரிக்காவில் 17,796 மூன்று ஆயிற்று. நம் வீடுகளில் எத்தனை வராகன் இருந்தது, எத்தனை போயிற்று என்று கணக்கே இல்லை. போனது போகட்டும். இருப்பதையாவது ஒரு முறை கண்ணால் பார்ப்போம்.

தாய்மார்களே, பெட்டியைத் திறக்கும் நாள் வந்தால் இதை மறந்துவிடாதீர்கள். உருக்குமுன் உற்றுப் பாருங்கள்!